பேட்டரியில் குறைவது ஆசிட் அல்ல, தண்ணீர்
கார், இன்வெர்ட்டர் போன்றவற்றின் ஈய-அமில பேட்டரியில் "திரவ மட்டம் குறைந்தால் ஆசிட் ஊற்றுங்கள், பேட்டரிக்குப் பழைய வேகம் திரும்பும்" என்று ஒருவர் கூறியிருப்பது தவறு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுவது தண்ணீர்தான். கந்தக அமிலம் (ஆசிட்) உள்ளேயே தங்கிவிடுவதால், மேலும் ஆசிட் சேர்த்தால், முழு சார்ஜில் ஏறத்தாழ 1.28 ஆக இருக்க வேண்டிய ஒப்படர்த்தி (திரவம் தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) கூடி, உள்ளே இருக்கும் தகடுகள் விரைவில் அரிக்கப்படும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும் (குழாய்த் தண்ணீரும் ஆகாது). தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, மீதியைச் சார்ஜ் முழுமையாக ஏறிய பிறகு நிரப்புவதே முறை.

தீக்குச்சி வெளிச்சத்தில் மட்டம் பார்க்கலாம் என்ற யோசனை இதைவிட ஆபத்தானது; காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்திருந்தாலே தீப்பற்றும். பழைய பேட்டரியின் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாமல், பேட்டரியை அப்படியே விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுங்கள்.