ஒன்பதாம் பெட்டி

(மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு ரப்பர் விளை. மாசி மாதச் சனிக்கிழமை காலை. தங்கையன் தேன் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அக்காள் மகன் ஜெபின் வருகிறான். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. கறுப்புச் சட்டை, அதன்மேல் தாராளமாக சென்ட். தேனீக்களுக்குப் பிடிக்காத இரண்டையும் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தவன் போல நிற்கிறான்.)

ஜெபின்: மாமா, நான் வேலையை விட்டுவிடப் போகிறேன்.

தங்கையன்: முதலில் பெட்டி வாசலை விட்டு விலகி நில் மக்களே. அதுகள் போகவர வழி வேண்டும்.

ஜெபின்: விளையாட்டில்லை. கடிதமும் எழுதிவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி.

தங்கையன்: சம்பளம் தரவில்லையா?

ஜெபின்: ஒன்றாம் தேதி காலையிலேயே வந்துவிடுகிறது.

தங்கையன்: மேலாளர் ஏசுகிறாரா?

ஜெபின்: ஏசுவதற்கு என் பெயர் தெரிய வேண்டாமா? ஜோபின் என்று கூப்பிடுகிறார்.

தங்கையன்: பிறகு என்னதான் குறை?

ஜெபின்: அர்த்தமில்லை மாமா. குழித்துறையில் ரயில் ஏறிப் போய் ஓர் அறிக்கை தயாரிக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் அதைச் சுருக்கி இன்னோர் அறிக்கை தயாரிக்கிறார். அது கொச்சிக்குப் போகிறது. யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க, போன மாதம் நடுவில் ஒரு வரி சேர்த்தேன். "எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது."

தங்கையன்: யார் கண்டுபிடித்தார்கள்?

ஜெபின்: யாருமில்லை. "நன்று, தொடர்க" என்று பதில் வந்தது.

தங்கையன்: ஆடு உண்மையிலேயே குட்டி போட்டதா?

ஜெபின்: மாமா!

தங்கையன்: அக்காள் என்னிடம் மூச்சு விடவில்லையே. எத்தனை குட்டி?

ஜெபின்: இரண்டு. அதை விடுங்கள். என்னை உங்கள் தொழிலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நம் மார்த்தாண்டத்துக்கு வந்து, ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஏழை விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்ததைப் படித்தேன். கண் கலங்கிவிட்டது.

தங்கையன்: அப்போது என் தாத்தாவுக்கும் கண் கலங்கியது. இமையில் கொட்டிவிட்டது.

ஜெபின்: மலர் மலராகப் பறந்து, துளித் துளியாகச் சேர்த்து...

தங்கையன்: எந்த மலர்? தலையைத் தூக்கிப் பார். ரப்பர். இலை உதிர்த்துத் துளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு சுரக்கும். நம் தேனில் பெரும்பகுதி அதுதான்.

ஜெபின்: பாட்டிலில் பூப்படம் ஒட்டியிருக்கிறீர்களே?

தங்கையன்: இலைக்காம்பின் படத்தை ஒட்டினால் யார் வாங்குவார்கள்?

(ஜெபின் முகத்தில் முதல் அடி விழுகிறது. தங்கையன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.)

தங்கையன்: கேள். இங்கே வரத்து குறைந்தால், இரவோடு இரவாகப் பெட்டிகளை லாரியில் ஏற்றிப் பத்தனம்திட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். பகலில் ஏற்றினால் பாதிப் பேர் வெளியே போயிருப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு சொட்டு வராது. சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக் புரூட் என்று ஒரு நோய் வந்தது. புழுவாக இருக்கும்போதே செத்துக் கூடு கூடாக அழிந்தது. காலிப் பெட்டிகளில் என் அம்மா வெங்காயம் போட்டு வைத்தாள்.

ஜெபின்: இருந்தாலும் தேனீயின் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது மாமா.

தங்கையன்: யார் வாழ்க்கைக்கு? தேன் காலத்தில் ஒரு வேலைக்காரத் தேனீக்கு ஆறு வாரம் ஆயுள் இருந்தால் அதிகம். கூட்டிப் பெருக்க வேண்டும், புழுவுக்கு ஊட்ட வேண்டும், வாசலில் காவல் நிற்க வேண்டும், கடைசியில் வெளி வேலை. சேர்த்ததை உட்கார்ந்து தின்ன அது இருப்பதில்லை. தின்பது நான்.

ஜெபின்: பாவம். ராஜினாமாகூடச் செய்ய முடியாது.

தங்கையன்: ஏன் முடியாது? கொட்டினால் போதும். கொடுக்கு நம் தோலில் மாட்டிப் பிய்ந்துவிடும். அன்றோடு அதன் கணக்கு முடிந்தது.

ஜெபின்: ஆ! அம்மா! கழுத்தில்! கழுத்தில்!

தங்கையன்: இதோ, ஒருத்தி கடிதம் கொடுத்துவிட்டாள். கொடுக்கைப் பிடித்து இழுக்காதே, நகத்தால் சுரண்டு. திண்ணைக்கு வா.

(திண்ணை. ஜெபின் கழுத்தைத் தடவியபடி உட்கார்கிறான். ஆணியில் பழைய நாட்காட்டித் தாள்கள் கொத்தாகத் தொங்குகின்றன. எல்லாவற்றின் பின்புறமும் பென்சில் கிறுக்கல்.)

ஜெபின்: இது என்ன?

தங்கையன்: என் கணக்கு. சர்க்கரை, தேன், எல்லாம் இருக்கிறது. எது எதற்கென்றுதான் எனக்கே தெரியாது.

ஜெபின்: பெட்டிவாரியாக இல்லையா? மாதவாரியாக? ஐயோ மாமா, இதை இப்படி வைக்கலாமா? கொடுங்கள் இங்கே.

(கழுத்து வலி மறந்துவிடுகிறது. கைபேசியில் கட்டம் கட்டமாக ஏற்றுகிறான். தங்கையன் சொல்லச் சொல்ல, "அது தேனா, பாகா?" என்று அதட்டுகிறான். இரண்டு கட்டன் சாயா முடிவதற்குள் அட்டவணை தயார். தங்கையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறார்.)

தங்கையன்: ஒன்பதாம் பெட்டிக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை?

ஜெபின்: மாமா... இன்னொரு முறை கேளுங்கள்.

தங்கையன்: எதை?

ஜெபின்: இப்போது கேட்டதைத்தான். என் அறிக்கையைப் பார்த்து இதுவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

தங்கையன்: ஒன்பதாம் பெட்டிக்கு ஏன் மக்களே இவ்வளவு சர்க்கரை?

ஜெபின்: நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். வந்த தேன் பூஜ்யம். பெட்டியைக் கலைத்துவிடலாம் என்பது என் பரிந்துரை.

தங்கையன்: அது உன் அத்தை பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அந்த வரியை எடுத்துவிடு.

ஜெபின்: எடுக்க முடியாது. அறிக்கை என்றால் அறிக்கை.

(உள்ளே பாத்திரம் உருளும் ஓசை. தங்கையன் குரலைத் தாழ்த்துகிறார்.)

தங்கையன்: சரி, நீ கடிதத்தை அனுப்பாதே. திங்கட்கிழமை வழக்கம்போல ரயில் ஏறு. அங்கேதான் யாரும் எதையும் பார்ப்பதில்லையே, என் கணக்கை அங்கே உட்கார்ந்து போடு. சம்பளத்தை அவர்கள் கொடுக்கட்டும். கேள்வியை நான் கேட்கிறேன்.

ஜெபின்: மேலாளர் பார்த்துவிட்டால்?

தங்கையன்: பார்த்தால் நல்லதுதான். ஓணத்துக்கு எத்தனை பாட்டில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வா.