முதலில் இயர்டிப்பைக் கவனியுங்கள்
இரண்டு இயர்போன்களை ஒப்பிட்டு, ஒன்றில் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அளவு இயர்டிப் (இயர்போன் முனையில் மாட்டும், காதுக்குள் போகும் மெத்தென்ற உறை) போட்டுக் கேட்டீர்கள் என்று சொல்லவில்லையே? டிப் காதை நன்றாக அடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல இயர்போனிலும் முதலில் காணாமல் போவது பேஸ்தான். பாட்டு ஓடும்போது விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள்; மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) சட்டென்று கனத்துக் கேட்டால் டிப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சிலருக்கு இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு வேறு அளவு தேவைப்படும். ஃபோம் டிப் (பஞ்சு போல அமுங்கும் டிப்) மென்மையாக இருக்கும், நன்றாகவும் அடைக்கும். ஆனால் சிம்பல் (டிரம்ஸில் தட்டும் உலோகத் தட்டு) போன்ற கூர்மையான ஒலிகள் கொஞ்சம் மங்கும். அப்புறம், ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். சற்றே கூடுதலாக ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று நம்பிவிடும். சௌகரியத்தை ஐந்து நிமிடத்தில் தீர்மானிக்க முடியாது. ஒரு மணி நேரமாவது போட்டிருந்துவிட்டு எழுதுங்கள்.