பெருவிரலுக்குக் கொஞ்சம் இடம்

என் வலது பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்துகொண்டே போகிறது. அதன் அடிமூட்டு வெளியே தள்ளி, சின்ன வெங்காயம் அளவில் சிவந்து நிற்கிறது. அம்மாவின் காலும் இப்படித்தான். உறுதி எழுதாமலே கிடைத்த சீதனம். ஆனால் அம்மா வயலில் வெறுங்காலோடு நின்றார். நான் கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் ஏழு பாடவேளையும் சப்பாத்தோடு நிற்கிறேன்.

கடையில் பெண்களுக்கென்று இருப்பதெல்லாம் முன்பக்கம் கூம்பியவை. யாருடைய கால் ஐயா முக்கோணமாக இருக்கிறது? "போடப் போட இளகும், ரீச்சர்" என்கிறார் கடைத் தம்பி. றெக்சின் எங்கே இளகுகிறது? என் தோல்தான் உரிகிறது. ஓர் இலக்கம் பெரிதாக எடுத்தால் குதிக்கால் கழன்று, கிரவல் வீதியின் பாதிக் கல் உள்ளே வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது நீளமன்று, அகலம்! எந்தச் சப்பாத்தும் எலும்பை நிமிர்த்தாது, அதற்குச் சத்திரசிகிச்சைதான் என்று தெரியும். உரசாமல் இருந்தால் போதும்.

கடைசியில் ஆண்கள் பகுதியில் ஒரு கறுப்புச் சோடி பொருந்தியது. சேலைக்குக் கீழே அதைப் பார்த்த அதிபர், "என்ன ரீச்சர், பொலிஸில் சேர்ந்துவிட்டீர்களா?" என்கிறார்.

மாங்குளம் திரும்பும் பஸ் கும்பிடுவதற்காக முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிற்கும்போதுதான், அவர் புண்ணியத்தில், அதை மரியாதையாகக் கழற்ற முடிகிறது.