டிசைன் பவானிதானுங்க

தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாலு ஜமக்காளம் தேவைப்பட்டது. ஈரோட்டில் ஒரு கடையில் கேட்டேன். "அசல் பவானிங்க" என்று விரித்துப் போட்டார் கடைக்காரர். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாகப் பார்க்க அப்படித்தான் இருந்தது. தூக்கினால் போர்வை மாதிரி லேசு. "கைத்தறியாங்க?" என்றேன். "இந்த வெலைக்குக் கைத்தறி எங்கீங்க கெடைக்கும்? டிசைன் பவானிதானுங்க."

பவானி ஜமக்காளம் 2005-06லேயே புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பேரை அந்த ஊர்ச் சரக்குக்கே என்று காக்கும் சட்டப் பதிவு, வாங்கிவிட்டது. இந்தியாவின் முதல் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்ததே 2004-ல்தான் என்றால், நாம் எவ்வளவு முன்னால் இருந்தோம் பாருங்கள். அது போக, 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் ஜமக்காளம் இருக்கிறது. விசைத்தறியில் நெய்வதே தப்பு. ஒரு விரிப்புக்கு இரண்டு சட்டம் காவல். அப்படியும் "டிசைன் பவானி" கடையில் விரிந்து கிடக்கிறது.

மறுநாள் பவானிக்கே போனேன். குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு ஒரு ஆள் கை எட்டாது. இவர் நாடாவை (ஊடை நூல் சுற்றிய கட்டையை) தள்ள, அவர் வாங்கித் திருப்பி விடுகிறார். கால்கள் குழிக்குள் மிதித்துக்கொண்டே இருக்கின்றன. குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல், நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுக்க மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரிகிற வண்ணமெல்லாம் ஊடையுடையதுதான். கனமும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு பேருமே தலை நரைத்தவர்கள். இளவட்டம் ஒருவரையும் அங்கே பார்க்கவில்லை.

"குறியீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளராப் பதிஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?" என்றார் மூத்தவர்.

கோளாறு இங்கேதான் என்பது என் எண்ணம். சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பதிவேட்டில் இரண்டு பகுதி உண்டு. பொருளும் அதன் பதிவு உரிமையாளரும் 'அ' பகுதியில். அதைச் செய்து விற்கிறவர்கள் 'ஆ' பகுதியில். அந்தப் பெயரைப் போட்டு விற்கும் உரிமையைச் சட்டம் தருவது இந்த இரண்டாவது பகுதியில் இருப்பவருக்குத்தான். நாமோ முதல் பகுதியில் பேர் ஏறியதுமே பட்டாசு வெடித்து, "தமிழ்நாட்டுக்கு இன்னும் மூன்று" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி செய்தி போட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

போலிக்குத் தண்டனை இல்லாமல் இல்லை. 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் கடையில் சோதனை போட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். வாரக் கூலிக்கு நெய்கிறவர் இதன் பின்னால் எத்தனை நாள் அலைவார்? பதிவு உரிமையாளராக இருக்கிற துறையோ சங்கமோதான் அலைய வேண்டும். டார்ஜிலிங்குக்குத் தேயிலை வாரியம் கோர்ட்டுப் படி ஏறியது. ஒரு ஹோட்டல் தன் லவுஞ்சுக்கு அந்தப் பேரை வைத்ததற்காகக்கூட வழக்குப் போட்டு, 2019-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தோற்றது. தோற்றாலும் பரவாயில்லை, கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்ததே!

மலிவு விரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லோராலும் கைத்தறி விலை கொடுக்க முடியாது, என்னாலேயே முடியவில்லை. நாலு வாங்கப் போனவன் இரண்டோடு திரும்பினேன். மலிவு விரிப்பை மலிவு விரிப்பு என்றே விற்கட்டும், பவானி என்று சொல்லி விற்க வேண்டாம். அவ்வளவுதான்.

பயனாளர் விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020-ல் அதை 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். அந்தப் படிவத்தில் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பவானி. தமிழில் நிரப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.