இன்னர் வீல் சங்கத்தைத் தொடங்கியவர் யார்? பரவும் தகவல் தவறானது

ரோட்டரி என்னும் சமூக சேவை அமைப்பை நிறுவிய பால் ஹாரிஸின் மனைவி ஜீன், 1905-ஆம் ஆண்டிலேயே சிகாகோவில் இன்னர் வீல் மகளிர் சங்கத்தையும் தொடங்கினார் என்று ஒரு செய்தி கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது உண்மையல்ல.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் தொடங்கப்பட்டது ரோட்டரி மட்டுமே. பால் ஹாரிஸ் ஜீனை மணந்ததே 1910-இல்தான் என்பதால், அச்செய்தி காலக்கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

இன்னர் வீலின் பிறப்பிடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் 1923 நவம்பர் 15 அன்று, வேறு இடம் வாய்க்காமல், துருக்கிக் குளியல் நிலையம் ஒன்றின் குளிர்ந்த அறையில் கூடிப் பேசினர். செவிலியராகப் பணியாற்றியவரான மார்கரெட் கோல்டிங் முன்னின்று நடத்த, 1924 ஜனவரி 10 அன்று முதல் சங்கம் முறைப்படி அமைந்தது. ஆண்டுதோறும் இன்னர் வீல் தினம் கொண்டாடப்படுவதும் அந்நாளில்தான். இந்தியாவின் முதல் சங்கம் 1955-இல் அகமதாபாத்தில் உருவானது.

ஜீனுக்கு இல்லாத பெருமையைச் சேர்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மார்கரெட்டின் பெயரே மறைந்துபோவதுதான் வருத்தம் தருகிறது. இன்னர் வீல், ரோட்டரி ஆகிய இரு பன்னாட்டு அமைப்புகளின் இணையதளங்களிலும் உள்ள வரலாற்றுப் பக்கங்களில் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் என்றும், ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பதிவிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.