அமெரிக்க டாக்டர்களுக்குச் சீட்டுக்குச் சீட்டு கமிஷனா?

"அமெரிக்காவில் கம்ப்யூட்டரில் எழுதும் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் அரசு டாக்டருக்குக் கமிஷன் தருகிறது, அதனால்தான் இத்தனை மாத்திரை" என்று ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

அரசு பணம் கொடுத்தது என்னவோ உண்மைதான். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. 2008-இல் வந்த மெடிகேர் சட்டப்படி, கையால் கிறுக்குவதை விட்டு மின்னணுச் சீட்டுக்கு மாறிய டாக்டர்களுக்கு 2009, 2010-இல் 2 சதவீதம், அடுத்த இரண்டு வருடம் 1, 2013-இல் அரை சதவீதம் ஊக்கத்தொகை. எதன் மேல்? மருந்து விலை மேல் இல்லை, மெடிகேரில் டாக்டர் கட்டணத்தைக் கவனிக்கும் பகுதியான பார்ட் பி-யில் அவர் பார்த்த வைத்தியத்துக்கு அனுமதித்த கட்டணத்தின் மேல். அது வருடத்துக்கு 1 லட்சம் டாலர் என்றால் கிடைப்பது 2,000 டாலர். 2010 முதல், 25 நோயாளி வருகைகளில் மின்னணுச் சீட்டு கொடுத்ததாகக் காட்டினால் போதும். 26-ஆவது சீட்டுக்கென்று தனியாக ஒரு காசு கிடையாது, எந்த மருந்து என்றும் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம், ஃபார்வர்டு கமுக்கமாக விட்டுவிட்டது ஒன்று: மாறாதவர்களுக்கு 2012-இல் 1, 2013-இல் 1.5, 2014-இல் 2 சதவீதம் பிடித்தம் செய்தார்கள். ஊக்கத்தொகை 2013-உடன் முடிந்துவிட்டது.

மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் வெளியிட்ட ஆவணங்களில் இதெல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். குடும்ப குரூப்பில் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அந்த ஃபார்வர்டைப் படித்துவிட்டு யாராவது பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள்.