சியோல் ஓடை தானாக ஊறிய நதி அல்ல

தென்கொரியத் தலைநகர் சியோலில் ஓடும் சியோங்கியேசியோன் ஓடையின் படத்தோடு ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது: 'மேம்பாலத்தை இடித்தார்கள், புதைந்திருந்த நதி தானாக உயிர்பெற்றது.'

முதல் பாதி சரி. 2003 ஜூலையில் பணி தொடங்கியது. ஓடையை மூடியிருந்த சாலையும் அதன் மேலிருந்த பாலமும் அகற்றப்பட்டு, சுமார் 5.8 கிலோமீட்டர் நீளக் கரை 2005 அக்டோபரில் திறக்கப்பட்டது.

இரண்டாம் பாதிதான் தவறு. இது முன்பும் மழைக்காலத்தில் பெருகி, மற்ற நாட்களில் வற்றிக் கிடந்த ஓடைதான். இன்று ஆண்டு முழுவதும் தண்ணீர் தெரியக் காரணம் மின்மோட்டார்கள். சியோல் நகரின் ஊடாக ஓடும் ஹான் நதியின் நீரைச் சுத்திகரித்து, சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 டன் விடுகிறார்கள். மோட்டாரை நிறுத்தினால் படத்திலுள்ள அந்த அழகு பெருமளவு போய்விடும். சூழலியலாளர்கள் சிலர் இதை நீளமான செயற்கை நீரூற்று என்று கேலி செய்ததில் நியாயம் உண்டு.

அதற்காகத் திட்டமே வீண் என்பதும் அவசர முடிவு. கரையோர வெப்பம் அக்கம்பக்கத் தெருக்களைவிடக் குறைந்தது. மீன்களும் பறவைகளும் வந்தன. ஓடையின் அகலமும் ஆழமும் பெருவெள்ளத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டன. கனமழையில் நடைபாதையை மூடிவிடுவார்கள். அப்போது கழிவுநீர் கலந்த மழைநீரும் ஓடைக்குள் வந்துவிடுவது இன்னும் தீராத குறை.